சானடோரியத்தில் இறங்குகிறவர்கள்

மின்சார ரயில் குரோம்பேட்டையைத் தாண்டியதும் படியருகே நிற்பவரிடம் "சானடோரியம் எறங்கறீங்களா?" என்று கேட்போம். இறங்குகிறவர்களில் நிறையப் பேர் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள். சானடோரியம் என்ற சொல் ஊர்ப்பெயராகவே ஆகிவிட்டது. 'இனி எதற்கு உயிரோடு இருக்க வேண்டும்?' என்ற கேள்வியோடு ஒரு காலத்தில் இங்கே எத்தனை பேர் வந்து இறங்கினார்கள் என்பது இன்று யார் நினைவிலும் இல்லை.

நிறுத்தத்துக்குப் பெயர் கொடுத்த தாம்பரம் காசநோய் மருத்துவமனையை டாக்டர் சௌரி முத்து 1928-இல் 12 படுக்கைகளோடு தொடங்கினார். 1937-இல் அரசு எடுத்துக்கொண்டது. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882-இலேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதை வெல்லும் முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல்தான் கிடைத்தது. இடைப்பட்ட அறுபது ஆண்டுகள் நல்ல காற்று, சத்தான சாப்பாடு, ஓய்வு, இவைதான் வைத்தியம். எலும்புருக்கி என்று பெயர் வாங்கிய நோய் உடம்பைத் தின்றது என்றால், மாதக்கணக்கில் சும்மா படுத்துக் கிடந்தது மனசைத் தின்றது.

சௌரி முத்து தாம்பரத்துக்கு வருமுன் இங்கிலாந்தில், மெண்டிப் மலையில் ஒரு காசநோய் விடுதியை நடத்தியவர். 1917-இல் அங்கே அவரிடம் சிகிச்சைக்கு வந்தவர்களில் ஒருவர் கணிதமேதை ராமானுஜன். அவருக்கு இருந்தது காசநோயே அல்ல, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். போர்க்காலம், குளிர், ஒத்துவராத சாப்பாடு, தனிமை. 1918-இன் தொடக்கத்தில் அவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார், காப்பாற்றப்பட்டார். அதே ஆண்டு ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. அந்தக் கௌரவம் அவரைத் தேற்றியிருக்கலாம். ஆனால் என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது, அவர் ஊர் திரும்பிய பிறகு வந்த 1920 ஜனவரி. பிழைக்க மாட்டார் என்று சுற்றியிருந்தவர்கள் அஞ்சிய நேரத்தில், புதுவகைச் சார்புகளைக் கண்டிருப்பதாக, தன்னை இங்கிலாந்துக்கு அழைத்த கணிதவியலாளர் ஹார்டிக்குச் சென்னையிலிருந்து கடிதம் எழுதினார். மாக் தீட்டா சார்புகள் என்று அவர் பெயரிட்டவை அவை. ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் இறந்தபோது அவருக்கு வயது 32. கடைசி நாட்களில் கணக்குப் போட்ட தாள்கள் 1976-இல் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் கிடைத்து, கணித உலகம் அவற்றில் இன்னும் வேலை பார்க்கிறது. அவர் வாழ்க்கையின் பொருளைத் தேடிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. முடிக்க ஒரு கணக்கு இருந்தது. அந்தப் பக்கம், புரிந்துகொள்ள ஒரு ஹார்டி இருந்தார்.

இங்கிலாந்திலேயே ஃபிரிம்லி சானடோரியத்தில் டாக்டர் பேட்டர்சன், தேறிவரும் நோயாளிகளுக்குக் கூடை தூக்குவதில் தொடங்கி மண்வெட்டி வரை படிப்படியாக வேலை கொடுத்தார். அதற்கு அவர் சொன்ன மருத்துவக் காரணம் நிலைக்கவில்லை. ஆனாலும் அங்கே காலையில் கண் விழித்தவனுக்கு ஒரு கூடை காத்திருந்தது. அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

என் பெரியப்பா ஐம்பதுகளின் கடைசியில் தாம்பரத்தில் எட்டு மாதம் இருந்தார். வீட்டில் அவருடைய தம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். முதல் இரண்டு மாதம் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாராம். ஒருநாள் பக்கத்துப் படுக்கைக்காரர் ஓர் இன்லண்ட் கடிதத்தை நீட்டி, "எனக்கு எழுதத் தெரியாது சார், வீட்டுக்கு ரெண்டு வரி" என்று கேட்டிருக்கிறார். மறுநாள் இன்னொருவர் வந்தார். கொஞ்ச நாளில் அந்த வார்டுக்கே அவர்தான் எழுத்தர். பதில் வராத கடிதங்களுக்கு, கேட்காமலே, மறுபடியும் எழுதிப் போடுவாராம்.

அதே காலத்தில் சேத்துப்பட்டு மருத்துவ ஆய்வு மையத்தில் வேறொரு கேள்வி எழுந்தது. 1956-இல் தொடங்கிய அந்த மையம், வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டவர்களையும் சானடோரியத்தில் தங்கியவர்களையும் ஓராண்டு ஒப்பிட்டுப் பார்த்தது. 1959-இல் முடிவு வெளியானது. நெருக்கடியான ஏழை வீடுகளில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அந்த முடிவு உலகெங்கும் காசநோய் வைத்தியத்தையே மாற்றியது. படுக்கையும் காற்றும் இனித் தேவையில்லை என்றால் சானடோரியம் எதற்கு? மேலைநாடுகளில் ஒன்றொன்றாக மூடினார்கள்.

தாம்பரம் மூடவில்லை. நெஞ்சக நோய்களைப் பார்த்தது. தொண்ணூறுகளில், மற்ற இடங்களில் தொடவே தயங்கி விரட்டப்பட்ட எச்.ஐ.வி. நோயாளிகள் இங்கே வரத் தொடங்கினார்கள், அவர்களைச் சேர்த்துக்கொண்டது. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டுமருந்து கொடுக்கத் தொடங்கியபோது முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று. அந்த மருந்து வரும்வரை இங்கே செய்ய முடிந்தது பெரும்பாலும் கூட இருப்பதுதான். அதைச் செய்த செவிலியர்களுக்கு இந்த நகரம் பெரிய கடன்பட்டிருக்கிறது. தொற்றோடு வாழும் கௌசல்யா பெரியசாமியும் மற்றப் பெண்களும் சேர்ந்து 1998-இல் சென்னையில் தங்களுக்கென ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். அப்போது இந்த மருந்து இலவசமாகக் கிடைக்கும் என்ற நிச்சயம் அவர்களுக்கு இல்லை.

பெரியப்பா குணமாகி ஊர் திரும்பி, இன்னும் முப்பது ஆண்டுகள் இருந்தார். அவருடைய மேஜைமேல் கடிதம் குத்தி வைக்கும் கம்பி ஒன்று உண்டு. சிறுவயதில் எண்ணியிருக்கிறேன்: அதில் பாதிக்கு மேல் அந்த வார்டுக்காரர்களின் கடிதங்கள். எல்லாமே வேறு யாரோ எழுதிக் கொடுத்தவை. அடியில் மட்டும் கோணல்மாணலாக அவரவர் கையெழுத்து. அதை வார்டில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தது பெரியப்பாதான் என்று பெரியம்மா பிறகு சொன்னார்.