தருமம் கேட்கவில்லை, கடனைக் கேட்கிறோம்!

2020 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 3 ஆம் திகதி வியாழக்கிழமையை எமது கரையோர மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். அன்று சங்கமன்கண்டி முனைக்குக் கிழக்கே 38 கடல்மைல் தொலைவில் ஓர் எண்ணெய்க் கப்பல் தீப்பற்றி எரிந்தது. ‘நியூ டயமண்ட்’ என்பது அதன் பெயர். குவைத்திலிருந்து ஒடிசாவின் பாரதீப் துறைமுகத்துக்கு அது ஏற்றிச் சென்ற மசகு எண்ணெய் ஏறக்குறைய 2,70,000 தொன்! இயந்திர அறையில் மூண்ட தீயில் பிலிப்பைன்ஸ் நாட்டுத் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். எஞ்சிய 22 பேரும் மீட்கப்பட்டனர். இலங்கைக் கடற்படையும் இந்தியக் கரையோரக் காவற்படையும் நாட்கணக்கிற் போராடின. அணைந்த தீ மீண்டும் மூண்டது, மீண்டும் அணைக்கப்பட்டது. கரையை நோக்கி மிதந்து வந்த கப்பலை இழுவைக் கப்பல்கள் ஆழ்கடலுக்கு இழுத்துச் சென்றன. கப்பலின் எரிபொருளான டீசல் கடலிற் கசிந்தது; ஆயினும் மசகு எண்ணெய் கசியவில்லை.

தப்பினோம்! அந்தத் தாங்கிகள் வெடித்திருந்தால், பெரியநீலாவணை தொடக்கம் பொத்துவில் ஈறாக இன்று என்ன எஞ்சியிருக்கும்? மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் மாளிகைக்காட்டிலும் கரைவலை இழுக்கும் கைகள் எதனை இழுத்திருக்கும்? காரைதீவிலும் நிந்தவூரிலும் பாலமுனையிலும் தோணி தள்ளுவோர் எங்கே தள்ளியிருப்பர்? 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் எமது உயிர்களைக் கொண்டுபோயிற்று. கண்ணீர் உலருமுன்னே நாம் அதே கடலிடம் திரும்பினோம். பிழைக்க வேறு வழி எமக்கில்லை. எண்ணெய் படிந்து செத்த கடலிடம் எவ்வாறு திரும்புவது?

அவ்வாரம் என் அலுவலகத்துக்கு ஒரு படகுக்காரர் வந்தார். வயது அறுபதைத் தாண்டியவர். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: “லோயர் தம்பி, எண்ணெய் கரைக்கு வந்தா நாங்க ஆருக்கிட்டப் போய்க் கேக்கிற?” இருபது ஆண்டு சட்டம் படித்தும் வாதாடியும் பழகிய எனக்கு, அந்தக் கேள்விக்கு உடனே விடை கூற இயலவில்லை. இக்கட்டுரை அவருக்கு நான் தரும் தாமதமான விடை.

கப்பல் யாருடையது? லைபீரியாவிற் பதிவான ஒரு கம்பனியுடையது. பறந்த கொடி பனாமாவினுடையது. நிர்வகித்தோர் கிரேக்கர், கப்பற்றலைவனும் கிரேக்கன். தொழிலாளரிற் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ் நாட்டவர். கப்பலை வாடகைக்கு அமர்த்தி எண்ணெய் ஏற்றிச் சென்றது, பெரும்பான்மைப் பங்கு இந்திய அரசின் கையிலுள்ள இந்தியன் ஒயில் கூட்டுத்தாபனம். இலாபத்துக்கு இத்தனை நாட்டார்! ஆபத்துக்கு மட்டும் எமது கரை!

எமது அரசாங்கம் வாளாவிருந்ததா? இல்லை. 2008 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கக் கடல் மாசடைதல் தடுப்புச் சட்டம் கையிலிருந்தது. வழக்குத் தொடரப்பட்டது, குற்றத்தை ஒப்புக்கொண்ட கப்பற்றலைவனுக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் 120 இலட்சம் ரூபா தண்டம் விதித்தது. தீயணைப்புக்கும் கண்காணிப்புக்கும் அரசு செலவிட்ட தொகையாக 44 கோடி ரூபாவுக்கு மேல் கோரப்பட்டது. உரிமையாளர் தரப்பு அதற்கு இணங்கியது. நன்று. ஆயின் செலவைப் பெற்றது அரசு. வருங்காலத்தில் இன்னொரு கப்பல் எரிந்தால் எமது கரையைக் காக்க ஒரு மிதவைத் தடுப்பாயினும் கல்முனையில் உண்டா? ஒலுவில் துறைமுகத்தில் உண்டா?

சரக்குக்குச் சொந்தக்காரரிடம் கேட்கலாமே என்பீர்கள். சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஒளிக்காமற் சொல்வது என் கடமை. எண்ணெய் மாசுச் சேதத்துக்கான குடியியற் பொறுப்புப் பற்றிய 1992 ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையில் இலங்கையும் இந்தியாவும் சேர்ந்துள்ளன. அதன் 3 ஆம் உறுப்புரை பொறுப்பு முழுவதையும் கப்பல் உரிமையாளர் தலையிற் சுமத்துகிறது. வாடகைக்கு அமர்த்தியவர்மீது, அவர் வேண்டுமென்றே தீங்கு செய்தாலன்றி, வழக்கில்லை. உரிமையாளரிடம் பெறக்கூடியது போதாவிடின் சர்வதேச நட்டஈட்டு நிதியம் கைகொடுக்கும். அந்த நிதியம், கடல்வழியே ஆண்டுக்கு 1,50,000 தொன்னுக்கு மேல் எண்ணெய் பெறுவோர் செலுத்தும் பணத்தால் நடப்பது. ஆகவே எண்ணெய்க் கம்பனிகள் எதுவுமே தருவதில்லை என்று நான் வாதிடமாட்டேன். ஆனால் அந்த நிதியம் சேதம் நேர்ந்த பின்னரே வாய் திறக்கும்; சேதத்தை எண்பித்தவனுக்கே கை நீட்டும். நாளொன்றுக்கு எத்தனை கிலோ மீன் பிடித்தான் என்று ஒரு துண்டுக் கடதாசியும் வைத்திராத கரைவலைக்காரன் எதனைக் கொண்டு எண்பிப்பான்?

வழக்கு இல்லாத இடத்திற் கடமையும் இல்லை என்பது வட்டிக்கடைக்காரனின் நியாயம். அந்த நியாயத்தை மறுத்த ஒரு கம்பனியை அதே 2020 ஆம் ஆண்டிலேயே உலகம் கண்டது. ஜூலை 25 ஆம் நாள் மொரீசியஸ் தீவின் பவளப்பாறையில் ‘வகாஷியோ’ என்ற ஜப்பானியக் கப்பல் மோதிற்று. ஏறக்குறைய 1,000 தொன் எண்ணெய் கடலிற் கலந்தது. மிட்சுயி ஓ.எஸ்.கே. லைன்ஸ் என்ற கம்பனி அதன் உரிமையாளரன்று. வாடகைக்கு எடுத்தோர் மட்டுமே. சட்டப்படி அதன்மீது பொறுப்பு இல்லை. ஆயினும், எமக்குச் சமூகப் பொறுப்பு உண்டு என்று கூறி, மொரீசியசின் கண்டற் காடுகளையும் பவளப்பாறைகளையும் மக்கள் வாழ்வையும் மீட்க 100 கோடி யென் தருவதாக அக்கம்பனி செப்டெம்பர் மாதத்தில் அறிவித்தது. எமது கடலிற் கப்பல் எரிந்த அதே மாதம்! ஜப்பானிய வாடகைக்காரருக்குத் தெரிந்த கடமை அயல்வீட்டு வாடகைக்காரருக்குத் தெரியாமற் போகலாமா?

அங்கே சிந்தியது, இங்கே சிந்தவில்லையே என்று சொல்லுவோர் இருக்கிறார்கள். உண்மை. ஆகவேதான் நாம் அழிவுக்கு நட்டஈடு கேட்கவில்லை. அடுத்த அழிவைத் தடுக்கும் ஏற்பாட்டைக் கேட்கிறோம். வைக்கோற் போரருகே தீப்பந்தம் பிடித்துச் சென்றவன், “இன்று எரியவில்லையே” என்று சொல்லி நாளையும் அதே வழியாற் போகலாமா?

இந்தியாவின் 2013 ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டத்தை இவ்விடத்தில் எடுத்துப் பார்க்கவேண்டும். அதன் 135 ஆம் பிரிவின்படி, பெரிய கம்பனி ஒவ்வொன்றும் முந்திய மூன்றாண்டு நிகர இலாபத்தின் சராசரியில் நூற்றுக்கு இரண்டு வீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும். தான் தொழில் நடத்தும் பிரதேசத்துக்கே முதலிடம் தரவேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் 2021 ஜனவரியில் திருத்தப்பட்ட விதிகள், விளையாட்டு வீரர் பயிற்சி ஒன்று நீங்கலாக, இந்தியாவுக்கு வெளியே செய்யும் எப்பணியும் அக்கணக்கிற் சேராது என்கின்றன. எமது நாட்டின் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்திலோ அத்தகைய கட்டாயப் பிரிவே இல்லை. விளைவு என்ன? 2003 முதல் லங்கா ஐ.ஓ.சி. என்ற பெயரில் இந்நாட்டில் எரிபொருள் விற்கிறது இந்தியன் ஒயிலின் கிளைக் கம்பனி. திருகோணமலைச் சீனக்குடாவின் 99 எண்ணெய்த் தாங்கிகளில் 14 அதற்கும், 61 அதுவும் எமது பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் சேர்ந்த கம்பனிக்கும் 2022 ஜனவரியில் ஒப்படைக்கப்பட்டன. விற்பனைக்கு நாம் பிரதேசம். தாங்கிக்கு நாம் பிரதேசம். பொறுப்புக்கு மட்டும் நாம் பரதேசம்! இரண்டு சட்டங்களுக்கும் நடுவே விழுந்து கிடக்கிறான் எமது மீனவன்.

எமது ஊரவர்க்கு இதனை விளக்க நீண்ட பிரசங்கம் தேவையில்லை. ஸதகாவுக்கும் ஸக்காத்துக்கும் உள்ள வேறுபாடு மத்ரசாப் பிள்ளைக்கும் தெரியும். ஸதகா கொடுப்பவன் விருப்பம். ஸக்காத் பெறுபவன் உரித்து. நூற்றுக்கு இரண்டரை என்று கணக்கிட்டு வைத்தது. அதை வாங்குபவன் தலைகுனிவதில்லை. இவ்விரண்டுக்கும் முன்னே நிற்பது கடன். ஊரார் வேலியை இடித்தவன் வேலியைக் கட்டித் தராமல், பள்ளிவாசலுக்குப் பாயும் கோவிலுக்கு மணியும் வாங்கிக் கொடுத்தால் அவனை வள்ளல் என்போமா?

தன் நாட்டுக்குள்ளே மட்டும் அந்த இரண்டு வீதம் கடலைக் காத்துவிட்டதா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தைக் கருமையாக்கியது. அது மணலியிலுள்ள சென்னைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் வளாகத்திலிருந்து வந்ததெனத் தமிழ்நாட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே சுட்டிக்காட்டியது. அந்தக் கூட்டுத்தாபனம் இந்தியன் ஒயிலின் பிள்ளை. எண்ணூர் மீனவர் வாளிகளைக் கொண்டு எண்ணெயை அள்ளினர். சமூகப் பொறுப்பென்று ஏட்டில் எழுதிய பணமும், கழிமுகத்தில் நின்ற வெறுங்கைகளும்! ஏடு வேறு, கடமை வேறு என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

பிறரைக் கண்டிக்கும் நாம் எமது வீட்டைப் பாராதிருக்கலாகாது. அந்நியக் கம்பனிகளின் பிடியிலிருந்து மக்களைக் காக்க என்று 1961 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தால் எமது பெற்றோலியக் கூட்டுத்தாபனம் பிறந்தது. ஷெல், எஸோ, கால்டெக்ஸ் கம்பனிகளின் உடைமைகளை அரசு எடுத்ததற்காக 1963 இல் அமெரிக்கா உதவியை நிறுத்தியது, நாடு அஞ்சவில்லை. அந்த மக்கள் கூட்டுத்தாபனம் 2022 ஓகஸ்ட் மாதத்தில் ஒரே நாளில் மண்ணெண்ணெய் லீற்றரை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு உயர்த்தியது. மண்ணெண்ணெயில் ஓடும் சிறு படகுகள் கரையேறிக் கிடந்தன. கருவூலம் வெறுமையென்றது அரசு. இருக்கலாம். ஆயின் அந்த வெறுமையை உண்டாக்கியவன் எமது படகோட்டியா? தேசியக் கம்பனி என்ற பெயர் எந்தத் தேசத்தினதாயினும், ஏழையின் தோணிக்கருகே வரும்போது அது வெறும் கம்பனியாகிவிடுகிறது.

“கொடுப்பதை ஏன் தடுக்கிறீர்? பாடசாலைப் பையும் தையல் இயந்திரமும் வந்தால் வாங்கிக்கொள்வோமே” என்று எம்மவரிற் சிலர் கேட்பர். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் பற்றுச்சீட்டில் “கடன் தீர்ந்தது” என்று கையொப்பமிடாதீர்கள்! கொடைக்கு வழக்கில்லை; உரிமைக்கே வழக்குண்டு. சவூதி நாட்டின் உதவியால் அக்கரைப்பற்று நுரைச்சோலையில் எழுந்த 500 வீடுகள், ஆழிப்பேரலையில் வீடிழந்தோர் குடியேறாமல் ஆண்டுக்கணக்கிற் பாழாய்க் கிடந்ததை நாம் கண்டோம். குற்றம் யாருடையது என்பது வேறு விவாதம். பெறுபவனுக்கு உரித்து எழுதப்படாத கொடை இடைநடுவில் நின்றுவிடும் என்பதே நாம் கற்ற பாடம்.

மேற்குக் கடலில் நடந்ததையும் பாருங்கள். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ எரிந்தது. பேராயரும் சுற்றாடல் அமைப்பும் பிறரும் நீதிமன்றம் சென்றனர். 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்துமாறு கட்டளையிட்டது. மாசுபடுத்தியவனே செலுத்தவேண்டும் என்ற கோட்பாடு இன்று இந்நாட்டின் சட்டம். கேட்டவனுக்கு அது கிடைத்தது.

ஆகவே நாம் கேட்கவேண்டியவை எவை?

இந்தியன் ஒயிலிடமும் அதன் இலங்கைக் கிளையிடமும்: எண்ணெய் பரவாமற் தடுக்கும் மிதவைகளையும் அள்ளும் கருவிகளையும் இக்கரையிலேயே வைத்து, எமது மீனவருக்குப் பயிற்சியும் அதற்குரிய கூலியும் தரவேண்டும்.

இலங்கை அரசிடம்: ஆழ்கடலிற் கடந்து போகும் கப்பலுக்கு வரி விதிக்க எமக்கு அதிகாரமில்லை, இங்கே கடை விரித்துள்ள கம்பனிக்குக் கடமை விதிக்க அதிகாரம் உண்டு. எரிபொருள் விற்கும் கம்பனி ஒவ்வொன்றும், எமது கூட்டுத்தாபனம் உட்பட, கரையோரப் பாதுகாப்புக்கு ஒரு பங்கை ஒதுக்குமாறு சட்டம் இயற்றவேண்டும். அதனைச் செலவிடும் சபையில் கடற்றொழிலாளர் அமர்ந்திருக்கவேண்டும்.

எமது கடற்றொழிலாளர் சங்கங்களிடம்: இன்றே ஒரு கொப்பியை எடுங்கள். எந்தப் படகு, எத்தனை கிலோ, என்ன விலை என்பதை நாள்தோறும் எழுதுங்கள். அடிப்படை உரிமை மனுவுக்கு அரசியலமைப்புத் தரும் தவணை ஒரு மாதமே. சர்வதேச உடன்படிக்கையின்கீழ் வழக்குத் தவணை, சேதம் நேர்ந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. தவணைக்குள் கணக்கோடு வருபவனுக்கே நீதிமன்றத்தின் கதவு திறக்கும்.

தமிழ் பேசும் சகோதரர்களே! அந்தக் கடல் மருதமுனைக்கு ஒன்று, பாண்டிருப்புக்கு வேறொன்று என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கவில்லை. எண்ணெய் கரையொதுங்கினால் அது தொப்பியையும் பாராது, திருநீற்றையும் பாராது. கேட்கும் குரலும் ஒன்றாகவே இருக்கட்டும்.

அந்தப் படகுக்காரருக்கு இப்போது விடை கூறுகிறேன்: கப்பலின் சொந்தக்காரனிடம் கேட்போம், சரக்கின் சொந்தக்காரனிடம் கேட்போம், எமது அரசிடமும் கேட்போம். கையேந்தியல்ல, கணக்கேந்திக் கேட்போம்!