போத்தலில் விற்கும் இளமையும் வேலியோர முருங்கையும்

முதுமை ஒரு நோயல்ல. அது வாழ்க்கையின் ஒரு பருவம். 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி நமது நாட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். அதன் பின்னர் இந்த விகிதம் மேலும் உயர்ந்தே வந்திருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களே கூடுதலான ஆண்டுகள் வாழ்கிறார்கள். கணவனை இழந்து, பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, கடைசிப் பத்துப் பதினைந்து ஆண்டுகளைத் தனியே கழிப்பவர்களிலும் பெண்களே அதிகம். ஆகவே, ஆரோக்கியமாக முதுமையடைவது எப்படி என்ற கேள்வி முதலில் நமக்குரிய கேள்வி.

அண்மைக் காலமாக நான் சந்திக்கும் சகோதரிகள் பலரும் ஒரே விடயத்தைக் கேட்கிறார்கள். "அன்ரிஒக்சிடன்ற் குளிசை எடுத்தால் வயது போகாதாமே, உண்மையா?" தேயிலைப் பெட்டி, பிஸ்கட் பக்கற்று, முகத்துக்குப் பூசும் கிறீம் என எல்லாவற்றிலும் இந்தச் சொல் அச்சிடப்பட்டிருக்கிறது. இம்மாதம் இதனைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

சொல்லின் பொருள் என்ன?

கத்தரிக்காயை வெட்டி வைத்தால் சிறிது நேரத்தில் கறுத்து விடுகிறது. வெட்டிய பரப்பில் ஒட்சிசன் பட்டு நிகழும் மாற்றம் அது. அதையே ஒட்சியேற்றம் என்கிறோம். வெட்டியவுடன் தேசிக்காய்ப்புளி பூசினால் கறுப்பது தாமதமாகும்.

நாம் உண்ணும் உணவு ஒட்சிசனுடன் சேர்ந்து சக்தியாக மாறும்போது நமது உடலுக்குள்ளும் சில நிலையற்ற துணிக்கைகள் உண்டாகின்றன. இவற்றைச் சுயாதீன மூலிகங்கள் என்பர். புகைத்தல், அடுப்புப் புகை, கடும் வெயில் என்பன இவற்றை மேலும் பெருக்குகின்றன. அளவு மிஞ்சினால் இவை கலங்களின் மென்சவ்வையும் கொழுப்பையும் மரபணுவையும் தாக்கும். இந்தச் சேதம் ஆண்டாண்டாகச் சேர்வதால்தான் முதுமை ஏற்படுகிறது என்ற கருத்தை அமெரிக்க விஞ்ஞானி டென்ஹாம் ஹார்மன் 1956 ஆம் ஆண்டில் முன்வைத்தார். இந்தத் துணிக்கைகளை அடக்கும் பொருட்களே ஒட்சியேற்ற எதிரிகள். விற்றமின் சி, விற்றமின் ஈ, கரட்டுக்கு நிறம் தரும் பீற்றா கரோற்றீன், தேயிலையிலும் பழங்களிலும் உள்ள பொலிபீனோல்கள் என்பன இந்த வகையைச் சேர்ந்தவை. வெயிலிலிருந்தும் பூச்சிகளிலிருந்தும் தம்மைக் காத்துக்கொள்ளத் தாவரங்கள் ஆக்கிக்கொள்ளும் பொருட்கள் இவற்றில் பல.

நமது உடலும் வெறுங்கையுடன் இல்லை. உடலே இந்தத் துணிக்கைகளை அழிக்கும் நொதியங்களை ஆக்குகிறது. அவற்றுள் முக்கியமான ஒன்று 1969 இல் கண்டறியப்பட்டது. அதுமட்டுமன்றி, கிருமிகளைக் கொல்வதற்கு நமது வெண்குருதிக் கலங்கள் இதே சுயாதீன மூலிகங்களையே ஆயுதமாகப் பாவிக்கின்றன. எனவே அவற்றை முற்றாக ஒழிப்பது நமது நோக்கமாக இருக்க முடியாது.

குளிசையாகக் கொடுத்துப் பார்த்தபோது

மரக்கறியும் பழமும் அதிகம் உண்பவர்களுக்கு மாரடைப்பும் சில புற்றுநோய்களும் குறைவாக வருவதை ஆய்வாளர்கள் கண்டார்கள். அப்படியானால் அவற்றிலுள்ள சத்தைப் பிரித்தெடுத்துக் குளிசையாகக் கொடுத்தால் என்ன என்று எண்ணினார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு பெரியதோர் ஆய்வு நடந்தது. 1994 இல் முடிவு வெளிவந்தபோது வைத்திய உலகமே திகைத்தது. பீற்றா கரோற்றீன் குளிசை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 வீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் நடந்த இதேபோன்ற இன்னோர் ஆய்விலும் புற்றுநோய் கூடியதால், 1996 ஜனவரியில் அதனைக் குறித்த காலத்திற்கு முன்பே நிறுத்தினார்கள். விற்றமின் ஈ குளிசையைத் தொடர்ந்து எடுத்த ஆண்களுக்குப் புரஸ்ரேற் புற்றுநோய் 17 வீதம் கூடியதாக 2011 இல் மற்றோர் ஆய்வு கூறியது. ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் பங்குபற்றிய 78 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்த அறிக்கை 2012 இல் வெளிவந்தது. இக்குளிசைகள் ஆயுளை நீட்டியதாக அதில் எந்தச் சான்றும் இல்லை. பீற்றா கரோற்றீனும் விற்றமின் ஈயும் ஆயுளைக் குறைக்கக்கூடும் என்றே அது எச்சரித்தது.

உணவுகளுக்குப் புள்ளி போட்டு, எதில் ஒட்சியேற்ற எதிரி அதிகம் என்று காட்டும் ஒரு பட்டியலை அமெரிக்க விவசாயத் திணைக்களம் வெளியிட்டு வந்தது. சோதனைக் குழாயில் பெற்ற புள்ளிக்கும் மனித உடலில் கிடைக்கும் பலனுக்கும் தொடர்பு காட்ட முடியாததாலும், வியாபாரிகள் அதனைத் தவறாகப் பாவித்ததாலும் 2012 இல் அந்தப் பட்டியலைத் திணைக்களமே நீக்கிவிட்டது. "எங்கள் சாறு முதலாமிடம்" என்று யாராவது பட்டியல் காட்டினால் இதனை நினைவில் கொள்ளுங்கள்.

விதிவிலக்கும் உண்டு. விழித்திரையின் மையப்பகுதி முதுமையில் சிதைவடையும் நோயின் ஒரு குறிப்பிட்ட கட்டத்தில், விற்றமின்களும் நாகமும் சேர்ந்த குறித்த கலவை நோய் முற்றுவதைத் தாமதப்படுத்தும் என்று 2001 இல் நிறுவப்பட்டது. ஆனால் அது கண் வைத்திய நிபுணர் பார்த்துத் தரவேண்டிய மருந்து.

கீரையில் கிடைத்த நன்மை குளிசையில் ஏன் கிடைக்கவில்லை? கீரையில் ஒரு சத்து மட்டும் இல்லை. நார், பொற்றாசியம், போலேற்று, நூற்றுக்கணக்கான தாவரப் பொருட்கள் எல்லாம் சிறுசிறு அளவில் சேர்ந்திருக்கின்றன. கீரை உண்பவர் அந்த இடத்தில் வேறொரு பொரித்த பண்டத்தை உண்ணவில்லை என்பதும் ஒரு காரணம்.

ஓர் அம்மாவுக்கு நடந்தது

எனது வேலைப் பகுதியில் அறுபத்தெட்டு வயதான ஓர் அம்மா தனியே வசிக்கிறார். நீண்ட காலமாக நீரிழிவுக்குக் கிளினிக் சென்று குளிசை எடுத்து வந்தவர். அதே ஊர்ப் பெண் ஒருவர் அவருக்கு ஒரு பழச்சாற்றுப் போத்தலை அறிமுகப்படுத்தினார். ஒரு போத்தலின் விலை அந்த அம்மாவின் மாதக் கொடுப்பனவைவிட அதிகம். மகன் அனுப்பும் காசிலிருந்து மூன்று மாதம் வாங்கினார். "ஆயிரம் தோடம்பழத்தின் சக்தி" இருக்கும்போது குளிசை எதற்கு என்று கிளினிக் போவதையும் நிறுத்தினார்.

நான் சென்றபோது காலில் ஒரு துணி சுற்றியிருந்தது. "இது மருந்தில்லை, சாப்பாடுதானே பிள்ளை, ஒரு கெடுதியும் செய்யாது எண்டு சொன்னவ" என்றார். அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றோம். மூன்று வாரம் வார்ட்டில் இருந்தார். ஒரு விரலை அகற்ற வேண்டியதாயிற்று.

விற்ற பெண்ணையும் சென்று பார்த்தேன். அவரும் நகையை அடகு வைத்து முற்பணம் கட்டியவர். விற்று முடியாத மூன்று பெட்டிகள் அவருடைய கட்டிலுக்குக் கீழே இருந்தன. இன்னும் நான்கு பெண்களைச் சேர்த்தால்தான் போட்ட காசு திரும்பும் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. அயலவர் அயலவரை நம்பும் நம்பிக்கையே இங்கே முதலாகப் போடப்பட்டிருக்கிறது. நட்டமடைந்த இருவரும் பெண்கள். இருவரும் ஒரே மாதர் சங்கத்தின் உறுப்பினர்கள். இந்த விடயத்தைச் சங்கக் கூட்டங்களில் வெளிப்படையாகப் பேசவேண்டும் என்று நான் கருதுவது இதனால்தான்.

நமது அடுக்களையில் இருப்பவை

உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் மரக்கறியும் பழமும் வேண்டும் என்கிறது. உருளைக்கிழங்கு, மரவள்ளி போன்ற கிழங்குகள் இதில் சேரா. இதற்குப் பெரிய செலவு தேவையில்லை.

வேலியில் நிற்கும் முருங்கையின் இலையில் பீற்றா கரோற்றீனும் விற்றமின் சியும் பொலிபீனோல்களும் உள்ளன. வல்லாரை, பொன்னாங்காணி, அகத்தி என்பனவும் சிறந்தவை. நாம் கீரையைத் தேங்காய்ப்பூ சேர்த்து வறையாகச் செய்கிறோம். பீற்றா கரோற்றீன் உடலில் சேரக் கொழுப்பு வேண்டும் என்பதால் இது நல்ல முறையே. தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் லைகோபீன், பச்சையாக உண்பதைவிடச் சிறிது எண்ணெயில் வதக்கும்போது கூடுதலாக உறிஞ்சப்படும். விற்றமின் சியோ இதற்கு மாறானது. அது நீரில் கரைந்து போகும், சூட்டில் அழியும். ஆகவே இலையைக் கழுவிய பின்னர் வெட்டுங்கள். வெட்டிய பின்னர் கழுவாதீர்கள். அடுப்பிலிருந்து இறக்கிய பின்னர் தேசிக்காய்ப்புளி விடுங்கள். கீரையிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேரவும் அது உதவும்.

கொய்யாப்பழத்தில் தோடம்பழத்தைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு விற்றமின் சி உண்டு. வளவில் விழுந்து வீணாகும் பழத்தை விட்டுவிட்டு, கடையில் விலை கொடுத்துத் தோடம்பழம் வாங்குகிறோம். பப்பாசியும் பனம்பழமும் செம்மஞ்சளாக இருப்பது கரோற்றீன் வகைப் பொருட்களால்தான். சிவப்பரிசியின் தவிட்டிலும் குரக்கனின் மேற்றோலிலும் பொலிபீனோல்கள் உள்ளன. அரிசியைத் தீட்டி வெள்ளையாக்கும்போது அவை தவிட்டோடு போய்விடும்.

மஞ்சளைப் பற்றியும் கேட்கிறார்கள். அதிலுள்ள குர்க்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே. அதுவும் உடலில் இலகுவில் சேராது. மிளகு சேர்ந்தால் சற்றுக் கூடும். கறிக்கு மஞ்சளும் மிளகும் சேர்க்கும் நமது வழக்கம் போதுமானது. செறிவாக்கிய மஞ்சள் குளிசைகளால் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றி இத்தாலி, அமெரிக்கா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளில் அறிக்கைகள் வந்துள்ளன. கறுவாவில் நமது நாட்டுக் கறுவாவே பாதுகாப்பானது. தடித்த பட்டையுள்ள கசியா வகையில் ஈரலைப் பாதிக்கக்கூடிய கூமரின் அதிகம். நமது கறுவாவில் அது மிக அற்பம்.

தேநீரிலும் நல்ல பொலிபீனோல்கள் உண்டு. ஆனால் அவையே உணவிலுள்ள இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன. இரத்தச்சோகை உள்ளவர்கள் சாப்பாட்டுடன் தேநீர் குடிக்காமல் ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிப்பது நல்லது.

சிலர் அவதானமாக இருக்க வேண்டும்

குருதி உறைவதைத் தடுக்க வார்பரின் குளிசை எடுப்பவர்கள் கீரையைத் திடீரெனக் கூட்டவோ அடியோடு நிறுத்தவோ கூடாது. கீரையிலுள்ள விற்றமின் கே அந்த மருந்தின் வேலையை மாற்றும். கிழமைதோறும் ஒரே அளவாக உண்பதே முறை. சிறுநீரக நோயுள்ளவர்கள் இலைக்கஞ்சி, பழச்சாறு என்பவற்றின் அளவை வைத்தியரிடம் கேட்டே தீர்மானிக்க வேண்டும். காமரங்கா எனப்படும் நட்சத்திரப் பழம் அவர்களுக்கு நஞ்சாகக்கூடும். அதனைத் தொடவே கூடாது. நீரிழிவுக்குக் குளிசை எடுப்பவர்கள் பாகற்காய்ச் சாற்றை அதிகம் குடித்தால் சீனியின் அளவு மிகவும் இறங்கி மயக்கம் வரலாம். கறியாக உண்பதில் தவறில்லை.

கோப்பையில் யாருக்கு எவ்வளவு?

இவ்வளவும் தெரிந்திருந்தாலும், உணவு அந்த வயதான பெண்ணின் கோப்பைக்கு வந்து சேர்கிறதா என்பதே என்னைப் போன்றவர்கள் வீடு வீடாகக் காணும் பிரச்சினை. பிள்ளைகளுக்கும் ஆண்களுக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சியதை உண்ணும் பழக்கம் அறுபது வயதிலும் மாறுவதில்லை. தனியே இருப்பவர் "ஒருத்திக்கு என்ன சமையல்" என்று பாணும் பிளேன்ரீயுமாக இரவைக் கழிக்கிறார். பல் இல்லாதவர் கீரையையும் பழத்தையும் விலக்கிவிடுகிறார். கீரையை நன்றாகக் கடைந்தும் பப்பாசியை மசித்தும் கொடுத்தால் அவராலும் உண்ண முடியும். வயது ஏற ஏறத் தசை மெலியும். ஆகையால் பயறு, கடலை, நெத்தலி, முட்டை போன்ற புரத உணவும் கட்டாயம் வேண்டும். ஒட்சியேற்ற எதிரிகளை மட்டும் உண்டு யாரும் எழுந்து நடக்க முடியாது.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. மாமியாருக்கும் அம்மாவுக்கும் முதலில் கறி போடுங்கள். பக்கத்து வீட்டில் தனியே இருப்பவருக்குக் கிழமையில் இரண்டு நாள் ஒரு கிண்ணம் கீரை அனுப்புங்கள். உங்கள் முதியோர் சங்கம் கூடும் நாளில் பிஸ்கட்டுக்குப் பதிலாக இலைக்கஞ்சி கொடுக்கலாம். முருங்கைத் தடியும் வல்லாரைக் கன்றும் பகிர்ந்துகொள்ளலாம். யாராவது போத்தலோ குளிசையோ கொண்டுவந்தால், வாங்குமுன் அதனைக் கிளினிக்குக்கு எடுத்துச் சென்று வைத்தியரிடமோ தாதியிடமோ காட்டும்படி முதியவர்களிடம் கூறுங்கள். எந்தக் காரணத்திற்காகவும் கிளினிக் குளிசையைத் தாமாக நிறுத்த வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சங்கக் கூட்டத்தில் இதனை ஒருமுறை வாசித்துக் காட்டினால் மகிழ்வேன். முதியோரின் பற்களையும் வாய்ச் சுகாதாரத்தையும் பற்றி அடுத்த இதழில் பேசுவோம்.