சோளனுக்கு யூரியாவைக் குறைப்பது எப்போது இலாபம்?



பெரும்போகச் சோளனுக்குக் காணி துப்புரவாக்கும் நாட்களில் பலரும் கேட்கும் கேள்வி இது. "நன்மை செய்யும் பக்ரீரியா" என்று விற்கும் பக்கற்றை வாங்கினால் யூரியா வாங்கத் தேவையில்லையா? நகையை அடகு வைத்தோ நுண்கடன் எடுத்தோ பசளை வாங்குகிற ஒரு பெண்ணுக்கு இது சின்னக் கேள்வி அல்ல.

யூரியாவை ஒரேயடியாக விட்டால் என்ன நடக்கும் என்பதை நாம் கண்டுவிட்டோம். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது, நவம்பரில் நீங்கியது. அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது. அடி இலைகள் நுனியிலிருந்து நடு நரம்பு வழியே மஞ்சளாகி வந்த சோளனைப் பார்த்தவர்களுக்கு நைதரசன் பஞ்சம் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. தடைக்கு முன் 1,500 ரூபாய்க்கு வாங்கிய யூரியா மூடை, 2022இல் அரசாங்க விலையிலேயே 10,000 ரூபாயானது.

காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைதரசன்தான். ஆனால் பயிரால் அதை நேரே எடுக்க முடியாது. கச்சான், பயறு, கௌபி போன்றவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் றைசோபியம் பக்ரீரியா அதைப் பிடித்துக் கொடுக்கும். ஒரு முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள்; உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. சோளனுக்கு இந்த முடிச்சு இல்லை. அதன் வேரைச் சுற்றி அசோஸ்பிரில்லம் என்ற இன்னொரு பக்ரீரியா வாழும். அது கொஞ்சம் நைதரசன் கொடுக்கும். அதைவிட முக்கியமாக, வேர் கிளைத்துப் பரவச் செய்யும். பரந்த வேர், போட்ட பசளையை வீணாக்காமல் எடுக்கும். ஆகவே அது யூரியாவுக்குத் துணை, மாற்று அல்ல.

இந்தப் பக்ரீரியாவின் பெருமையை உலகறியச் செய்தவரும் போர் துரத்திய ஒரு பெண்தான். ஜொஹன்னா டோபரைனர் 1924இல் செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஊரைவிட்டு விரட்டப்பட்டு, ஜேர்மனியில் பண்ணையொன்றில் பால் கறந்து பிழைத்தார். பின்பு விவசாயம் படித்து 1950இல் பிரேசிலுக்குப் போனார். புல், சோளம் போன்றவற்றின் வேரிலும் நைதரசன் பிடிக்கும் பக்ரீரியா உண்டென்று 1970களில் அவர் காட்டினார். அந்நாட்டின் இன்னொரு பெண் விஞ்ஞானி மரியாங்கேலா ஹங்கிரியா, இவ்வகைப் பக்ரீரியாக்களை விவசாயிகளின் கைக்குக் கொண்டுசேர்த்ததற்காக 2025இல் உலக உணவுப் பரிசு பெற்றார். பிரேசில் சோள வயல்களில் இதனால் மேற்கட்டு நைதரசனைக் காற்பங்கு குறைக்கலாம் என்று அவரது குழு கண்டது. காற்பங்கு, முழுவதும் அல்ல.

இனி நம் கணக்கு. 50 கிலோ யூரியா மூடையில் 23 கிலோ நைதரசன் உண்டு. கணக்குக்காக மூடை 9,200 ரூபாய் என்று வைப்போம். ஒரு கிலோ நைதரசன் 400 ரூபாய். (உங்கள் கடை விலையை 23ஆல் பிரித்தால் உங்கள் கணக்கு வரும்.) ஏக்கருக்கு இரண்டு மூடை மேற்கட்டாகப் போடுபவர் காற்பங்கைக் குறைத்தால் அரை மூடை, 4,600 ரூபாய் மிச்சம். பக்கற் 800 ரூபாய் என்றால் கையில் நிற்பது 3,800 ரூபாய்.

சோளன் கிலோ 100 ரூபாய்க்குப் போனால் 3,800 ரூபாய் என்பது 38 கிலோ மணி. விளைச்சல் 38 கிலோ குறைந்தாலே மிச்சம் போய்விடும். பசளை போதாத மண்ணில் ஒரு கிலோ நைதரசன் குறைய, பத்துக் கிலோவோ அதற்கு மேலோ மணி குறையலாம். பக்கற்றில் இருந்தது செத்த பக்ரீரியா என்றால், குறைத்த பதினொன்றரைக் கிலோ நைதரசனுக்கு 115 கிலோ சோளன், அதாவது 11,500 ரூபாய் போகும். 3,800க்கு ஆசைப்பட்டு 11,500 ஐ இழக்கும் நிலை. விற்பவர் இந்தப் பக்கத்தைச் சொல்லமாட்டார்.

உயிருள்ள பொருள் என்பதால் காலாவதித் திகதியைப் பாருங்கள். வெயிலில் அடுக்கி வைத்த கடையில் வாங்கவேண்டாம். நிழலில் வைத்து விதையில் பூசி அன்றே ஊன்றவேண்டும். இளஞ்சிவப்புச் சாயத்தோடு வரும் கலப்பின விதையில் மருந்து பூசியிருக்கும். அது பக்ரீரியாவைக் கொல்லக்கூடும். அப்படியான விதைக்கு, பக்ரீரியாவை உக்கிய கூட்டெருவில் கலந்து சாலில் இடுவது நல்லது.

பக்கற் வாங்காமலும் மிச்சம் பிடிக்கலாம். ஈர மண்ணின் மேல் யூரியாவைத் தூவி விட்டால் ஒரு பங்கு ஆவியாகிப் போகும். அடைமழையில் கரைந்து கீழே இறங்கும். செடிக்குப் பக்கத்தில் சிறு குழியிட்டு மூடுங்கள். மேற்கட்டை இரண்டு தடவையாகப் பிரித்துப் போடுங்கள். கூலி கொஞ்சம் கூடும்தான், ஆனால் மூடை விலையோடு பார்த்தால் அது தாங்கும். கச்சானோ பயறோ செய்த காணியில், கொடியை எரிக்காமல் மண்ணில் புரட்டிவிட்டுச் சோளன் வைத்தால் அதுவும் வரவுதான்.

பக்ரீரியாவைச் சோதிக்க விரும்புபவர்கள் முதற்போகத்தில் ஒரு மூலையில் மட்டும் செய்யுங்கள். நான்கு வரிசைக்கு முழு யூரியா. நான்கு வரிசைக்கு முக்கால் பங்கு யூரியாவும் பக்ரீரியாவும். இன்னும் நான்கு வரிசைக்குப் பக்ரீரியா இல்லாமல் முக்கால் பங்கு யூரியா மட்டும். கடைசி நான்கை விட்டுவிடவேண்டாம். அதிலும் விளைச்சல் குறையவில்லையென்றால், உங்கள் மண்ணுக்கு அந்த அரை மூடையும் தேவையில்லை, பக்கற்றும் தேவையில்லை. மூன்றையும் வெவ்வேறாக முறித்து, காயவைத்து, உதிர்த்து நிறுத்து, கொப்பியில் எழுதி வையுங்கள். உங்கள் பிரதேச விவசாயப் போதனாசிரியரிடம் அந்தக் கொப்பியோடு போங்கள்.