நோயின் பெயரைச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினால் போதாது

கர்நாடக அரசு நிமான்ஸ் மருத்துவமனையுடன் சேர்ந்து 2022இல் தொடங்கிய மூளை நலத் திட்டம் பாராட்டத்தக்கது. மறதி என்று வரும் முதியவரை "வயசானா அப்படித்தான்" என்று திருப்பி அனுப்பாமல், பரிசோதித்து, டிமென்ஷியா என்று கண்டறிய அரசு மருத்துவமனைகளிலேயே வழி பிறந்திருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு? மருந்துச் சீட்டோடு வீடு திரும்பும் குடும்பத்துக்குப் பெங்களூரு மாநகரம் தருவது மிகக் குறைவு. நோய் முற்றிய பெற்றோரைப் பராமரிக்கும் சுமையில் அரசும் பெங்களூருவின் ஐந்து மாநகராட்சிகளும் நேரடியாகத் தோள் கொடுக்க வேண்டும்.

ஒக்கலிபுரத்தை எடுத்துக்கொள்வோம். மெஜஸ்டிக்கை அடுத்து, ரயில் பாதைகளை ஒட்டி, ஸ்ரீராமபுரத்தோடு சேர்ந்து கிடக்கும் பகுதி. தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழும் இடம். சமையல், படுக்கை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் ஓர் அறைக்குள் நடக்கும் வீடுகள் இங்கே உண்டு. அப்படியொரு வீட்டில் டிமென்ஷியா முற்றிய தாய் இருந்தால், பொழுது சாயும்போது "எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்று கதவைத் தட்டுவார். தாழ்ப்பாள் போட மறந்தால் தெருவில் இறங்கிவிடுவார், தண்டவாளமோ பக்கத்தில். பிறகு ஒரு கட்டத்தில் நடை நிற்கும். ஊட்டிய கவளத்தை விழுங்கத் தெரியாமல் கன்னத்தில் அடக்கிக்கொள்வார். உணவு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் இடுப்பில் படுக்கைப்புண். இவ்வளவையும் செய்பவர் பெரும்பாலும் மகள் அல்லது மருமகள். அவர் வேலையை விட்டால் வீட்டு வருமானம் பாதியாகும். விடாவிட்டால் பகலில் அம்மாவோடு இருக்க ஆள் கிடையாது.

பெற்றோரைப் பார்ப்பது பிள்ளைகளின் கடமை, இதில் அரசுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. கடமையை நாம் மறுக்கவில்லை. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இலேயே வந்துவிட்டது. பெற்றோரைக் கைவிடுபவருக்கு மூன்று மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. கைவிடாமல் இரவெல்லாம் விழித்திருப்பவருக்கு அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. எழுபது வயது கடந்தோருக்கென 2024இல் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, மருத்துவமனையில் சேர்த்தால்தான் கைகொடுக்கும். டிமென்ஷியா முற்றியவருக்கு வேண்டியதோ பல ஆண்டுகளுக்கு நீளும் வீட்டுப் பராமரிப்பு. டயப்பருக்கும் ஹோம் நர்ஸ் சம்பளத்துக்கும் அந்தக் காப்பீட்டில் இடமில்லை.

இது ஏதோ சில குடும்பங்களின் துயரமும் அல்ல. 2023இல் வெளியான தேசிய ஆய்வு ஒன்றின்படி, இந்தியாவில் அறுபது வயது கடந்தோரில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கிறது.

பெங்களூரு தமிழர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஆயுள் முழுதும் கடையிலும் வேலையிடத்திலும் கன்னடம் பேசியவர்கூட, நோய் முற்றும்போது பிள்ளைப் பருவத்துத் தமிழுக்கே திரும்பிவிடலாம். பசி, வலி, பயம் எல்லாம் அந்த மொழியில்தான் வெளிப்படும். இந்தி மட்டுமே அறிந்த ஹோம் நர்ஸால் என்ன செய்ய முடியும்? டிமென்ஷியாவைக் கண்டறிய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய சோதனைத் தொகுப்பு முதலில் இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் வந்தது. தமிழ் அதில் இல்லை. தமிழர்கள் அடர்ந்து வாழும் பகுதிகளின் மருத்துவமனைகளில் தமிழ் அறிந்த பரிசோதகரும் பராமரிப்பாளரும் இருந்தே தீர வேண்டும்.

பணமிருந்தும் தவிக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. அம்மா பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலிருந்து அம்மாவின் மருத்துவத்துக்கே பணம் எடுக்க முடியாது. முன்கூட்டியே பவர் பத்திரம் எழுதி வாங்கியிருந்தாலும், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி, எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அது செல்லாது. எந்த நாளுக்காக எழுதினோமோ அந்த நாளில் அது வெறும் காகிதம். ஆட்டிசம், பெருமூளை வாதம் போன்றவற்றுக்குக் காப்பாளரை நியமிக்க வழிசெய்யும் 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் பட்டியலில் டிமென்ஷியா இல்லை. நீதிமன்றப் படியேற வேண்டியதுதான். முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் அல்சைமரால் நினைவிழந்தபோது, அவர் யாருடைய பொறுப்பில் இருப்பது என்று மனைவியும் சகோதரர்களும் 2010இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்காடினார்கள். அத்தனை செல்வாக்குள்ள குடும்பத்துக்கே அந்த நிலை என்றால், மாதச் சம்பளக் குடும்பம் எந்த வக்கீலைத் தேடும்? சிங்கப்பூரில் 2010 முதல், தன் சார்பில் முடிவெடுக்கும் அதிகாரத்தைச் சுயநினைவு இருக்கும்போதே ஒருவருக்குக் கொடுத்துப் பதிவு செய்யலாம். அந்த அதிகாரம் நினைவு தவறிய பிறகே நடைமுறைக்கு வரும். அத்தகைய சட்டத்தை நாடாளுமன்றம் இயற்ற வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள் பல. பக்கத்து மாநிலமான கேரளம் டிமென்ஷியாவுக்கெனத் தனித் திட்டம் வகுத்து, குன்னங்குளத்தில் பகல்நேரப் பராமரிப்பு மையமும் எடவனக்காட்டில் தங்கிப் பராமரிக்கும் இல்லமும் திறந்தது. பெங்களூருவில் கஸ்தூரி நகரில் நைட்டிங்கேல்ஸ் அறக்கட்டளை நடத்தும் மையம் நல்ல முன்னோடி. ஆனால் ஒக்கலிபுரத்துக்கு அது நகரின் மறுகோடி. ஒரு தொண்டு நிறுவனமே மாநகரம் முழுவதையும் தாங்கவும் முடியாது.

அடுத்த மாநில பட்ஜெட்டில் ஒவ்வொரு மாநகராட்சிக்கும் குறைந்தது ஒரு பகல்நேர மையத்துக்காவது நிதி ஒதுக்க வேண்டும். படுக்கையில் விழுந்தவர்களின் வீட்டுக்கு அரசின் 'நம்ம கிளினிக்' செவிலியர் வாரம் ஒருமுறை வந்து புண்ணைப் பார்த்து, ஊட்டும் முறையைக் கற்றுத்தர வேண்டும். பராமரிப்பவர் நோயுற்றாலோ ஊருக்குப் போக நேர்ந்தாலோ, பெற்றோரைச் சில நாள் விட்டுச்செல்ல அரசு மருத்துவமனைகளில் படுக்கைகள் வேண்டும். முதல் மையம் ஒக்கலிபுரம், ஸ்ரீராமபுரம் பகுதியில் அமையட்டும். வேலைக்குப் போகும் மகள் காலையில் அம்மாவை விட்டு மாலையில் அழைத்து வரும் தூரத்தில்.