ஒரு கை பிள்ளைக்கு

சென்ற மாதம் எமது தாய்மார் குழுக் கூட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஒரு தங்கச்சி தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள். அவளுடைய மகனுக்கு ஒன்றரை வயது. தை மாதம் கொழும்பில் மச்சாளின் கலியாணம். கணவனுக்கு அங்கேதான் வேலை. அதனால் யாழ்ப்பாணத்திலிருந்து பிள்ளையுடன் தனியாகவே போகவேண்டும். "அக்கா, என்னத்தை எடுக்கிறது, என்னத்தை விடுறது எண்டு தெரியேல்லை" என்றாள். "வீட்டையே தூக்கிக்கொண்டு போவன்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கேள்விக்கான பதிலை நான் வவுனியா பஸ் நிலையத்தில் படித்தவள்.

அது 2023 சித்திரை விடுமுறை. என் மகளுக்கு 20 மாதம். இவருக்கு லீவு கிடைக்காததால் நான் பிள்ளையுடன் முன்னால் போவதென்றும், இவர் இரண்டு நாள் பிந்தி வருவதென்றும் ஏற்பாடு. என்னிடம் ஐந்து பொதிகள் இருந்தன. உடுப்புகள் அடங்கிய பெரிய பை, பிள்ளையின் பை, பால்மாவும் சுடுதண்ணிப் போத்தலும் வைத்த கூடை, என் கைப்பை. ஐந்தாவது ஓர் உமல். மச்சாளுக்கென்று மாமி அதற்குள் முருங்கைக்காயும் ஒடியல்மாவும் மிளகாய்த்தூளும் வைத்துக் கட்டித் தந்திருந்தா. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு உமல் இல்லாமல் போவது ஒரு குற்றம் என்பது உங்களுக்குத் தெரியும்.

வவுனியாவில் பஸ் பழுதாகிவிட்டது. எல்லோரும் இறங்கி வேறு பஸ்ஸில் ஏறுங்கள் என்றார்கள். இடுப்பில் பிள்ளை, தோளில் இரண்டு பை, கையில் கூடை. மற்ற இரண்டையும் நடத்துநர் நிலத்தில் இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். புது பஸ் புறப்படப் போகிறது என்று சத்தம் கேட்டது. மகளைக் கீழே விட்டு, "அம்மாவின்ர சட்டையைப் பிடிச்சுக்கொண்டு நில்" என்று சொல்லி, குனிந்து உமலைத் தூக்கினேன். நிமிர்ந்தபோது அவள் இல்லை.

எவ்வளவு நேரம் தேடினேன் என்று எனக்குத் தெரியாது. இரண்டு நிமிடம் இருக்கலாம். பஸ்கள் பின்பக்கமாக எடுக்கும் இடத்திலிருந்து, பழம் விற்கும் ஓர் அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு வந்தா. எனக்குப் பேச்சு வரவில்லை. அவ என் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைத்தான் பார்த்தா. "ரண்டு கையிலயும் சாமான் வச்சிருக்கிறாய் பிள்ளை. இவளை ஆர் பிடிக்கிறது?"

அந்த உமலை நான் அவ்வளவு நேரமும் விடாமல் பிடித்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

கொழும்பில் பைகளைப் பிரித்தபோது மனதுக்குள் ஒரு கணக்கெடுத்தேன். நான்கு நாள் பயணத்துக்குப் பிள்ளைக்கு 14 சட்டை கொண்டுபோயிருந்தேன். போட்டது ஆறு. மூன்று சோடி சப்பாத்தில் அவள் ஒன்றையும் காலில் வைத்திருக்கவில்லை. ஆனால் வழியில் அவள் உடுப்பை நனைத்தபோது தேவைப்பட்ட ஒரேயொரு காற்சட்டை பெரிய பையின் அடியில், பஸ்ஸின் பின்பெட்டிக்குள் கிடந்தது. கூடக் கொண்டுபோனது மட்டுமல்ல என் பிழை, கைக்கு எட்டாத இடத்தில் கொண்டுபோனதும்தான்.

ஊர் திரும்பி அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவ ஏசவில்லை. 30.10.1995 இரவு வலிகாமத்திலிருந்து எல்லோரும் புறப்பட்டபோது எனக்கு ஐந்து வயது, தம்பிக்கு ஒன்றரை. எனக்கு நினைவிருப்பது மழையும் நாவற்குழிப் பக்கம் அசையாமல் நின்ற சனமும் மட்டுமே. "அண்டைக்கு என்னம்மா கொண்டு வந்தனீங்கள்?" என்று முதன்முறையாகக் கேட்டேன். பழைய சீலையில் தைத்த தோள்பை ஒன்று என்றா. அதற்குள் எங்கள் பிறப்புப் பத்திரங்கள், தம்பியின் கிளினிக் கார்ட், சீனி, ரஸ்க், ஒரு போத்தல் ஆறின தண்ணி. மேலே ஒரு நூல்சேலை. அந்தச் சேலைதான் வழியில் தம்பிக்குப் போர்வை, சாவகச்சேரியில் தங்கிய பள்ளிக்கூடத்தில் அவனுக்கு ஏணை, இரவில் அம்மா உடுப்பு மாற்ற மறைப்பு. "ஒரு கையில தம்பி, மற்றக் கையில நீ. வேறெதைத் தூக்கிறது?" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அம்மா அரிசி களையப் போய்விட்டா.

அந்த இரவையும் கலியாணப் பயணத்தையும் ஒன்றாக வைத்துப் பேசுவது சரியல்ல. ஆனாலும் அந்தப் பையை நான் பிரதிபண்ணினேன்.

இப்போது எனக்கு இரண்டே பைகள். ஒன்று முதுகில் போடுவது. மற்றது உடம்புக்குக் குறுக்காக மாட்டும் சிறிய பை. இரண்டையும் போட்டபின் கைகள் சும்மா இருக்கவேண்டும். வீட்டிலேயே இரண்டையும் மாட்டி, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வாசற்படி ஏறி இறங்கிப் பார்ப்பேன். மூச்சு வாங்கினால் ஏதோ ஒன்றை வெளியே எடுக்கவேண்டும் என்று அர்த்தம்.

உடுப்புகளைத் தனித்தனியாக அடுக்குவதில்லை. ஒரு சட்டை, ஒரு காற்சட்டை, ஒரு பம்பர்ஸ் என்று சுருட்டி ஒரு சொப்பிங் பேக்கில் போட்டால் அது ஒரு மாற்று. பஸ்ஸில் தேடவேண்டியதில்லை. அப்படியே இழுத்தெடுத்து மாற்றிவிட்டு, நனைந்ததை அதே பேக்கில் போட்டுக் கட்டிவிடலாம். சிறிய பையில் இரண்டு மாற்று, மிச்சம் முதுகுப் பையில். பம்பர்ஸை வழிக்கு மட்டும் கணக்குப் பண்ணி எடுங்கள். கொழும்பில் கடைகள் இருக்கின்றன.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். வெக்கையில் மூடிக்கிடந்த சோற்றையும் பாலையும் கொடுத்துவிட்டு, போய்ச் சேர்ந்தபின் வயிற்றோட்டத்துடன் வைத்தியசாலைக்கு ஓடிய தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். சமைத்த உணவு வெளியில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக்கூடாது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர், பஸ்ஸில் எட்டு ஒன்பது மணித்தியாலம். காலையில் பிசைந்த சோறு வவுனியாவுக்குக்கூடத் தாங்காது. வாழைப்பழம், ரஸ்க், கொதித்தாறிய தண்ணீர் போதும். சமபோஷ கொடுப்பதானால் தேங்காய்ப்பூப் போட்டு உருட்டிக் கொண்டுபோகாதீர்கள், புளித்துவிடும். மாவாகவே எடுத்துச்சென்று வேண்டிய நேரத்தில் தண்ணீர் விட்டுக் குழையுங்கள். பால்மாவும் அப்படித்தான். கரைத்த பாலில் மிஞ்சியதை ஊற்றிவிடவேண்டும், அடுத்த முறைக்கென்று வைக்கக்கூடாது. தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு இந்தக் கூடையே தேவையில்லை. இரண்டு வயதுக்குப் பின்னரும் கொடுக்கலாம், சேலைத் தலைப்பு இருக்கிறது.

வழியில் கச்சான் விற்பவர்கள் ஏறுவார்கள். பக்கத்து ஆசனத்துத் தாத்தா பாசத்தோடு ஒன்றிரண்டு நீட்டுவார். சிறு பிள்ளைகளுக்கு முழுக் கச்சான் தொண்டையில் சிக்கும், குலுங்கும் பஸ்ஸில் இன்னும் ஆபத்து. மரியாதைக் குறைவென்று நினைக்காமல் மறுத்துவிடுங்கள்.

மருந்தென்று நான் கொண்டுபோவது இரண்டு பக்கெட் ஜீவனியும் ஒரு சிறு போத்தல் பரசிற்றமோல் சிரப்பும். ஜீவனியைப் பக்கெட்டில் எழுதியுள்ள அளவு தண்ணீரில் கரைக்கவேண்டும். 24 மணித்தியாலத்துக்குப் பின் மிச்சத்தை ஊற்றிவிடவேண்டும். சிரப்பின் அளவு பிள்ளையின் நிறையைப் பொறுத்தது. புறப்படுமுன் கிளினிக்கில் கேட்டு, ஒரு துண்டில் எழுதிப் போத்தலில் ஒட்டிவிடுங்கள். பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டை வீட்டு அலுமாரியில் விட்டுப் போகவேண்டாம். அந்நிய ஊர் வைத்தியருக்கு உங்கள் பிள்ளையின் ஊசிகளையும் நிறையையும் சொல்லப்போவது அதுதான். நனையாமல் ஒரு பிளாஸ்ரிக் உறையில் வையுங்கள். இதை எனக்குச் சொல்லித்தந்தவர்கள், மூத்த பிள்ளையின் சிகிச்சைக்காகக் கைக்குழந்தையோடு மஹரகம வைத்தியசாலைக்கு மாதாமாதம் போய்வரும் தாய்மார். பயணப்பை கட்டுவதில் அவர்களை விடக் கெட்டிக்காரிகளை நான் காணவில்லை.

வவுனியாவுக்குப் பிறகு சேர்த்துக்கொண்ட ஒரு பழக்கம், ஒரு துண்டுத் துணியில் எங்கள் இருவரின் தொலைபேசி இலக்கங்களையும் எழுதிச் சட்டையின் உட்பக்கம் தைப்பது. பெயரை வெளியே தெரிய எழுதுவதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுபவரை அறிந்தவர் என்று நம்பிப் பிள்ளை போய்விடும். இலவச அம்புலன்ஸுக்கு 1990, சிறுவர் உதவிக்கு 1929 என்ற இலக்கங்களையும் கைபேசியில் பதிந்து வைத்திருக்கிறேன்.

இவ்வளவையும் கூட்டத்தில் சொன்னபின் ஒரு கேள்வி கேட்டேன். "பையில் என்ன எங்கே இருக்கிறதென்று வீட்டில் ஆருக்குத் தெரியும்?" எல்லோரும் "எனக்கு" என்றார்கள். பெரிய பையைத் தூக்குவது ஆண்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளை வாந்தியெடுத்தால் துவாய் எங்கே என்று அவர்களுக்குத் தெரியாது. நான் பல்கலைக்கழகத்தில் படித்த சமூகவியலில் இதற்குக் கனமான பெயர்கள் உண்டு. எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் "எங்க வைச்சனீர்?"

ஆகவே அடுத்த பயணத்துக்குப் பை அடுக்கும் வேலையை இவரிடம் விட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு குசினியிலேயே நின்றேன். தனக்கு நான்கு சேர்ட் எடுத்துவைத்தவர் பிள்ளையின் கரண்டியை மறந்துபோனார். அவள் வழி முழுக்கக் கையால் சாப்பிட்டாள், நன்றாகவே சாப்பிட்டாள். நூல்சேலையை மறக்காமல் வைத்திருந்தார். ஆனால் கொழும்பு வீட்டில் ஏணை கட்ட வளையில்லை.

மாமியோடுதான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. "வெறுங்கையோட போறதோ?" என்று மனம் நொந்துகொண்டா. முருங்கைக்காயில் எனக்கென்ன கோபம்? முதல்நாளே பஸ்ஸில் பார்சல் போட்டுவிடுவோம், மச்சாள் போய் எடுப்பா என்றேன். அது அன்போடு போய்ச்சேராது என்பதுபோல் பார்த்தா. பிறகு தானே பெட்டியைக் கட்டி, கட்டணத்தையும் தந்தா.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அந்தத் தங்கச்சி, "கலியாணத்துக்கு மூண்டு சட்டையாவது வேணுமே அக்கா, சனம் என்ன சொல்லும்?" என்றாள். "இரண்டு" என்றேன். இரண்டரையில் நிற்கிறோம்: மூன்றாவது சட்டை, சப்பாத்து இல்லாமல். மாமியாருடன் உமலைப் பற்றிக் கதைத்துவிட்டுச் சொல்கிறேன் என்று போயிருக்கிறாள். தைக்கு இன்னும் நாளிருக்கிறது.