தோற்ற காப்டன்

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, பள்ளிக்கூடம் விட்ட பிறகு, எங்கள் கிரிக்கெட் கோஷ்டியின் காப்டன் என்னிடம் வந்து நின்றான். மூன்று பந்தயங்கள் அடுத்தடுத்துத் தோற்றாகிவிட்டது. "ஸார், இந்தப் பதவி எனக்கு வேண்டாம். வேறு யாரையாவது போட்டுவிடுங்கள்" என்றான். குரல் தழுதழுத்தது. "நாளை பேசலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உண்மையில் யோசிக்க அவகாசம் வேண்டியிருந்தது எனக்குத்தான்.

ஒரு தலைவனால் நலிந்த கோஷ்டியை நிமிர்த்த முடியுமா? அன்றிரவு என் ஞாபகத்துக்கு வந்தவர் மன்சூர் அலிகான் பட்டௌடி.

1961-ல் இங்கிலாந்தில் நேர்ந்த ஒரு மோட்டார் விபத்தில் அவருடைய வலது கண் ஏறக்குறையப் பார்வை இழந்தது. ஆயினும் அவ்வருஷ முடிவிலேயே டெஸ்ட் ஆட வந்தார். 1962 ஜனவரியில் சென்னையில் 103 ரன்களும் எடுத்தார். அதே ஆண்டு மார்ச்சில், மேற்கிந்தியத் தீவுகளில் நாரி காண்ட்ராக்டர் தலையில் பந்து பட்டு வீழ்ந்தபோது, தலைமைப் பொறுப்பு 21 வயது வாலிபரான இவர் தோளில் ஏறியது. அந்தத் தொடரில் இந்தியா ஐந்து பந்தயங்களிலும் தோற்றது.

1932 முதல் டெஸ்ட் ஆடிவந்த இந்தியா, அதுவரை அந்நிய மண்ணில் ஒரு வெற்றியும் கண்டதில்லை. ஆட்டக்காரர்களோ தம்மை பம்பாய்க்காரர், டில்லிக்காரர், மதராஸ்காரர் என்றே எண்ணிப் பழகியவர்கள். நீங்கள் ஆடுவது ராஜ்யத்துக்காக அல்ல, இந்தியாவுக்காக என்பதை பட்டௌடி அவர்கள் மனத்தில் பதிய வைத்தார். பந்தைத் தடுப்பதிலும் பிடிப்பதிலும் தாமே முன்மாதிரியாக நின்றார். நம்மிடம் அதிவேகப் பந்து வீச்சாளர் இல்லையே என்று அங்கலாய்க்காமல், இருந்த சுழற்பந்துக்காரர்களை நம்பினார். சந்திரசேகர், வெங்கட்ராகவன், பேடி மூவரும் டெஸ்டில் அடியெடுத்து வைத்தது அவர் தலைமையில்தான்.

பலன் உடனே கிட்டிவிடவில்லை. 1967-ல் இங்கிலாந்தில் மூன்று பந்தயங்களிலும் தோல்வி. அடுத்து ஆஸ்திரேலியாவில் நான்கிலும் தோல்வி. அவற்றுள் முதற்பந்தயத்தில் காயத்தினால் அவர் ஆடவில்லை. இரண்டாவதில், மெல்போர்னில், நொண்டிக்கொண்டே 75-ம் 85-ம் எடுத்தார். ஏழு தோல்விகளைச் சுமந்துகொண்டு நியூஸிலாந்து சேர்ந்த அதே கோஷ்டி, 1968 பிப்ரவரியில் டுனெடினில் ஜயித்தது. கிறைஸ்ட்சர்ச்சில் சறுக்கினாலும், வெல்லிங்டனிலும் ஆக்லாந்திலும் வென்று, மூன்றுக்கு ஒன்று என்று தொடரையே கைப்பற்றியது. பிரஸன்னா மட்டும் 24 விக்கெட்டுகள் வீழ்த்தினார்.

கணக்குப் பார்ப்பவர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். பட்டௌடி தலைமை வகித்த 40 டெஸ்டுகளில் வெற்றி 9, தோல்வி 19 அல்லவா? வாஸ்தவம். 1971-ல் அவரை நீக்கி அஜித் வடேகரை நியமித்தார்கள். அவ்வருஷமே வடேகர் மேற்கிந்தியத் தீவுகளிலும் இங்கிலாந்திலும் தொடர்களை வென்று வந்தார். வடேகரின் பெருமையில் ஓர் அணுவும் குறையாது. ஆனால் அவர் கையில் இருந்த சுழற்பந்துக்காரர்கள் யார் வளர்த்த பயிர்? தென்னையை நட்டவன் ஒருவன், இளநீர் பருகுபவன் வேறொருவன் என்பது உலகில் புதிதல்லவே!

மறுநாள் பையன் வந்தான். பதவியைப் பற்றி நான் பேசவில்லை. "உன் பையன்கள் இடைவேளையில் எப்படி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்?" என்று கேட்டேன். சற்று விழித்தான். "வடக்குத் தெருக்காரர்கள் ஒரு மரத்தடியில், மற்றவர்கள் வேறு மரத்தடியில், ஸார். இவர்கள் நன்றாகப் பந்து போட்டால்கூட அவர்கள் கை தட்டுவதில்லை" என்றான்.

"முதலில் அதைச் சரிப்படுத்து. ராஜிநாமாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றேன்.

அந்தச் சனிக்கிழமைப் பந்தயத்திலும் தோற்றோம். ஆனால் மத்தியானம் பதினொரு பேரும் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து புளியோதரையைப் பங்கிட்டுக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். ராஜிநாமாப் பேச்சை அவன் மறுபடி எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.