சும்மா வந்த சோறில்லை

"அக்கா, ஐரோப்பாவுல தோட்டத்துல வேல பாத்தா தங்குறதும் சாப்பாடும் சும்மாவாமே?" ஊருக்கு வந்ததிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் இதைத்தான் கேட்கிறார்கள். 'வூஃப்' என்ற பெயர்கூட அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. லண்டனில் செயலாளர் வேலை பார்த்த சூ கொப்பார்ட், வாரக் கடைசியிலாவது நகரத்தை விட்டு வெளியேற வழி தேடி 1971இல் தொடங்கிய ஏற்பாடு அது. இயற்கை விவசாயத் தோட்டத்தில் நாளுக்கு நாலு முதல் ஆறு மணி நேரம் வேலை செய்தால் சோறும் படுக்கையும் உண்டு. கூலி கிடையாது. அந்த 'சும்மா'வைக் கேட்டால் எனக்கு இன்னும் தோள்பட்டை வலிக்கிறது.

மிலானில் முதுகலை முடித்துப் பட்டமளிப்புக்குக் காத்திருந்த நவம்பரில், டஸ்கனியில் ஓர் ஆலிவ் தோப்புக்கு இரண்டு வாரம் போனேன். அதற்கு முன் இரண்டு வருடம் இத்தாலியில் இருந்ததாகப் பேர். அதெல்லாம் நம்மூர்ப் பிள்ளைகளோடு பருப்புச்சோறு தின்ற வருடங்கள்.

மரத்தடியில் வலை விரித்து, சீப்பு மாதிரியான பிளாஸ்டிக் கருவியால் கிளையை வார வேண்டும். நான் சிக்கெடுக்கிற வேகத்தில் இழுத்தேன். காயோடு குச்சியும் வந்தது. வீட்டுக்காரம்மா திட்டவில்லை. ஒடிந்த குச்சியை என் உள்ளங்கையில் வைத்து, நுனித்தளிரைத் தொட்டுக் காட்டினார். இந்த வருடம் விட்ட தளிரில்தான் அடுத்த வருடம் காய்க்குமாம். ஆலங்குடிப் பக்கம் கடலை போடுகிறவர் மகள் என்று பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன் வேறு. எங்கள் கொல்லையில் நான் ஒரு செடிகூடப் பிடுங்கியதில்லை என்பது மதியத்துக்குள் தோப்புக்கே தெரிந்துவிட்டது.

குளிர் பழகிவிட்டது. ரொட்டிதான் பழகவில்லை. டஸ்கனியில் ரொட்டிக்கு உப்பே போடுவதில்லை. அம்மாவிடம் போனில் புலம்பினேன். "இங்க கடலை ஆய ஆள் கெடைக்காம நான் லோல்படுறேன். நீ அங்க கூலியும் இல்லாம, உப்பும் இல்லாம காய் பறிக்கிறியாக்கும்?" என்றாள்.

பறித்த காயைக் குவித்து வைத்தால் சூடேறிப் புளித்துவிடும் என்பதால் அன்றன்றே எண்ணெய் ஆலைக்குப் போகும். முதல் எண்ணெய் வந்த இரவு, ரொட்டியைச் சுட்டு, பூண்டைத் தேய்த்து, அந்தப் பச்சை எண்ணெயை ஊற்றி, மேலே உப்புக்கல் தூவிக் கொடுத்தார்கள். மிளகு போலத் தொண்டையைப் பிடித்து இருமல் வந்தது. இரண்டாவது துண்டை நானே கேட்டு வாங்கினேன்.

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான்: எத்தனை மணி நேரம், எந்த நாள் விடுப்பு, அறையில் கணப்பு உண்டா என்று முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூலியாள் நேரம் முடிந்தால் கிளம்பலாம், விருந்தாளி தட்டுக் கழுவ வேண்டாம். நாம் இரண்டும் இல்லை. விசாவையும் பாருங்கள். சோற்றுக்கும் படுக்கைக்கும் செய்தாலும் அது வேலைதான் என்கிறது நியூசிலாந்து. சுற்றுலா விசாவில் அங்கே செய்ய முடியாது. சட்டம் 'சும்மா'வை நம்புவதில்லை. அது சரி என்றுதான் நினைக்கிறேன்.

தோப்பில் கூலிக்கு ஒரு அல்பேனியக்காரரும் இருந்தார். மதியம் அவரும் வீட்டுக்காரர்களும் நானும் ஒரே மேசை. வயதில் மூத்தவர் என்று அவர் தட்டில்தான் முதலில் பரிமாறுவார்கள். எங்கள் வீட்டில் கடலை ஆய வருகிறவர்களின் டம்ளர் கொட்டகைக் கூரையில் செருகியிருக்கும். சிறு வயதில் அதை எடுத்து விளையாடி அடி வாங்கியிருக்கிறேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மாவிடம் சொன்னேன். "கூலிக்கு வந்தவரும் இவங்களும் ஒண்ணாதாம்மா உக்காந்து சாப்புடுறாங்க."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டாள்: "ரொட்டியில இன்னும் உப்பு போடலையா?"